செத்தவனுக்கு ஏது நிழல்

தொகாஷி கென்கிச்சிக்கு டோக்கியோவில் இரண்டு பெயர்கள் இருந்தன. எதிரில் நிற்கும்போது மேதை என்றார்கள். அவர் முதுகைத் திருப்பியதும் வெள்ளைக்காரனின் நகல் என்றார்கள். பாரிஸில் வாழ்ந்த காலம் முழுவதும் அவருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. அங்கே அவரை ஜப்பானியர் என்றார்கள்.

இது நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மேலை நாட்டு முறையில் எண்ணெய் வண்ணத்தால் முகங்களைத் தீட்டுவதும், அதைக் கற்றுக்கொடுப்பதும் தொகாஷியின் தொழில். யானாக்கா குன்றின் சரிவில் அவருடைய ஓவியக்கூடம் இருந்தது. பாரிஸில் தன் ஆசிரியரின் கூடத்தில் பார்த்தபடியே, வடக்குச் சுவரில், ஆள் எட்ட முடியாத உயரத்தில், ஒரே ஒரு பெரிய கண்ணாடி ஜன்னலை வைத்து அவர் அதைக் கட்டியிருந்தார். வெளிச்சம் மேலிருந்து இறங்கும். அமர்ந்திருப்பவரின் நெற்றியில் விழும். மூக்கின் அடியிலும் தாடையின் அடியிலும் நிழலை விட்டுவிட்டுப் போகும். அந்த நிழலைத் தீட்டத் தெரிந்தவரே ஓவியர் என்பது தொகாஷியின் பாடம்.

முதல் முறை பாரிஸிலிருந்து திரும்பியபோது, நிழலின் நிறம் பழுப்பு என்றார். மாணவர்கள் பழுப்பைக் கற்றார்கள். இரண்டாம் முறை போய்த் திரும்பியபோது, நிழலின் நிறம் ஊதா என்றார். மாணவர்கள் பழுப்பைச் சுரண்டிவிட்டு ஊதாவைக் கற்கத் தொடங்கினார்கள்.

கினு மட்டும் கேட்டாள். "ஏன் மாறியது, ஆசிரியரே?"

"அங்கே மாறிவிட்டது," என்றார் தொகாஷி.

மற்ற மாணவர்கள் தலையசைத்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். விளங்கவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

கினு நாற்பதைக் கடந்தவள். ஆசிரியரைவிடச் சில ஆண்டுகளே இளையவள். கணவன் யசூஜி காய்ச்சலில் இறந்தபின், மாமியார் ஹிசாவின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. கணவனை இழந்த மருமகள் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நிறைந்த கூடத்துக்குப் போவதை ஹிசா ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அனுமதித்தார். யசூஜியின் முகத்தை அவள் தீட்ட வேண்டும். முன்னோர் பீடம் இருக்கும் அறையில் அதை மாட்ட வேண்டும்.

யசூஜியின் புகைப்படம் ஒன்று வீட்டில் இருந்தது. புகைப்பட நிலையத்தின் கண்ணாடிக் கூரையின் கீழ் எடுத்தது. ஹிசா அதைத் துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டிருந்தார். "இது யாரோ," என்பது அந்தப் படத்தைப் பற்றி அவருடைய முடிவு.

கினு அந்தப் புகைப்படத்தை வாங்கிப் போனாள். ஓவியக்கூடத்தின் உயர்ந்த ஜன்னலின் கீழ் அமர்ந்து, குளிர்காலம் முழுவதும் கணவனின் முகத்தைத் தீட்டினாள். தொகாஷி அதைப் பார்த்து, "நிழல் சரியாக வந்திருக்கிறது," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எந்தப் பாராட்டும் வந்ததாக யாரும் கேட்டதில்லை.

கினு படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பீடத்தின் அருகே மாட்டினாள். ஹிசா அதன் முன் மண்டியிட்டு அமர்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"கினு, இங்கே வா. இவன் முகத்தில் என்ன?"

"எங்கே, அத்தை?"

"மூக்குக்குக் கீழே. கன்னத்தில். பாதி முகம் அழுக்காக இருக்கிறதே."

"அது அழுக்கு இல்லை. நிழல்."

"யாருடைய நிழல்?"

"அவருடைய மூக்கின் நிழல்."

"மூக்கு தன் முகத்தின் மேலேயே நிழல் போட்டுக்கொள்ளுமா?"

"வெளிச்சம் மேலிருந்து வந்தால் போடும்."

ஹிசா படத்தையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது. செத்தவனுக்கு ஏது நிழல்? கழுவிவிடு."

"எண்ணெய் வண்ணம், அத்தை. கழுவினால் போகாது."

"இத்தனை நாள் போய் இதைத்தான் கற்றாயா? ஒரு முகத்தைக் கழுவத் தெரியவில்லை உனக்கு."

கினு படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள்.

"ஓபோன் வருகிறது," என்றார் ஹிசா. இறந்தவர்கள் தம் வீட்டைத் தேடி வரும் கோடைகால நாட்கள் அவை. "அவன் வரும்போது இந்த அறையில் அவன் முகம் இருக்க வேண்டும். அழுக்கு முகம் வேண்டாம். உன்னால் முடியாதென்றால் தூரிகைகளைக் கட்டிப் பரணில் போடு. இனி அந்தக் குன்றில் ஏற வேண்டாம்."

மறுநாள் கினு படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓவியக்கூடத்துக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள்.

"நிழலை எடுத்துவிட்டால் இது ஓவியமாக இருக்குமா, ஆசிரியரே?"

"இருக்காது."

"வைத்திருந்தால் நான் ஓவியராக இருக்க மாட்டேன். எதைச் செய்யட்டும்?"

ஓக்குமா என்ற மாணவன் தூரிகையைத் துடைத்தபடி சொன்னான்: "உங்கள் மாமியாரைக் கண்காட்சித் தேர்வுக்குழுவில் போட்டுவிடலாம். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கும் நிழல் பிடிக்காது."

சிலர் சிரித்தார்கள். அந்தத் தேர்வுக்குழுவின் தலைவர் தொகாஷிதான் என்பது பிறகு நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

தொகாஷி சிரிக்கவில்லை. "நான் பாரிஸுக்குப் போன முதல் வாரம், எதிரில் இருந்த பெண்ணின் முகத்தை நிழலே இல்லாமல் தீட்டினேன். என் ஆசிரியர் வந்து பார்த்தார். உங்கள் நாட்டில் சூரியன் கிடையாதா என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சொல்ல மொழி தெரியாது. அதன்பின் நிழல் இல்லாமல் ஒரு முகத்தையும் நான் தீட்டியதில்லை."

அவர் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டார். "உங்கள் மாமியாரிடம் நான் பேசுகிறேன். இது அறிவு சார்ந்த விஷயம். பொறுமையாகச் சொன்னால் எவருக்கும் புரியும்."

எவருக்கும் புரியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் ஆண்களைக் கினு முன்பும் பார்த்திருக்கிறாள். படத்தை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

பீட அறையில் தொகாஷி பொறுமையாகத்தான் சொன்னார். ஒளி நேர்கோட்டில் வருகிறது என்றார். மேடான இடம் பள்ளமான இடத்தை மறைக்கிறது என்றார். தன் கையை நீட்டி, விரலின் நிழலை உள்ளங்கையில் விழச்செய்து காட்டினார். ஹிசா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

"பாரிஸில் எல்லார் முகமும் இப்படித்தான் இருக்குமா, ஐயா?"

"வெளிச்சத்தில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும், அம்மா."

"பாவம்," என்றார் ஹிசா.

தொகாஷி தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "உங்கள் மகனின் முகத்தை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?"

"இது என்ன கேள்வி? வீட்டில்தான்."

"வீட்டில் எந்த இடத்தில்?"

ஹிசா அறையின் விளிம்பைக் காட்டினார். காகிதக் கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் சிறிய முற்றம். "அங்கேதான் உட்காருவான். செய்தித்தாளை வாசித்துச் சொல்வான். எனக்கு எழுத்து தெரியாது. கொலைச் செய்தி வந்தால் மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்வேன்."

"கினு, அங்கே போய் உட்காருங்கள்," என்றார் தொகாஷி. நிழல் எப்படி விழுகிறது என்பதை மருமகளின் முகத்திலேயே காட்டிப் பேச்சை முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

கினு போய் உட்கார்ந்தாள்.

நடுப்பகல். வீட்டுக் கூரையின் இறவாரம் தாழ்ந்து நீண்டிருந்தது. வெயிலை அது உள்ளே விடவில்லை. முற்றத்தில் பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கற்களின் மேல் வெயில் விழுந்து, அங்கிருந்து எழும்பி அறைக்குள் வந்தது. கினுவின் தாடை கீழிருந்து ஒளி பெற்றிருந்தது. மூக்கின் அடிப்பகுதிதான் முகத்திலேயே வெளிச்சமான இடம். மங்கலாக இருந்தது நெற்றிதான். அந்த மங்கலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை.

தொகாஷி அருகே போனார். பின்னால் நகர்ந்தார். கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு பாயின் மேல் உட்கார்ந்தார்.

"நெற்றியில் இருப்பது பழுப்பா, ஊதாவா?" என்று கினு கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பேசாதீர்கள். முகம் அசைகிறது."

"தேநீர் ஆறுகிறது, ஐயா," என்றார் ஹிசா.

தொகாஷியின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. தன் கையைப் பாயின் மேல் நீட்டி, குனிந்து, உள்ளங்கையைக் கீழிருந்து பார்த்தார். விரல்களின் அடிப்பக்கம் ஒளிர்ந்தது. சற்றுமுன் அதே கையை வைத்துத்தான் அவர் பாடம் நடத்தியிருந்தார்.

திடீரென எழுந்தார். வணங்கினார். வாசலில் கிடந்த ஹிசாவின் மரச்செருப்பை மாட்டிக்கொண்டு, குதிகால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"உன் ஆசிரியருக்கு என்ன வியாதி?"

"தெரியவில்லை, அத்தை."

"பாரிஸில் தொற்றியிருக்கும்," என்றார் ஹிசா.

கினுவின் குழப்பம் இப்போது இரட்டிப்பாகியிருந்தது. காலையில் அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் கெட்டவை என்றாலும் எவை என்றாவது தெரிந்திருந்தது. மாலையில் அதுவும் இல்லை. அடுத்த நாள் அவள் ஓவியக்கூடத்துக்குப் போனபோது தொகாஷி ஒரு நாற்காலியில் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நிழல்களைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நேற்று எனக்கு விடை கிடைக்கவில்லை, ஆசிரியரே."

"எனக்கும் கிடைக்கவில்லை."

தூரிகைகள் நின்றன.

"ஓக்குமா," என்றார் தொகாஷி திரும்பாமல். "நான் தீட்டிய முகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அமைச்சர்கள், தளபதிகள், அவர்களுடைய மனைவிகள். அவர்களெல்லாம் எங்கே அமர்ந்திருந்தபோது தீட்டினேன்?"

"இந்தக் கூடத்தில்தான், ஆசிரியரே."

"இங்கே யார் குடியிருக்கிறார்கள்?"

ஓக்குமா மற்றவர்களைப் பார்த்தான். "யாரும் இல்லை."

கினு கேட்டாள்: "அப்படியானால் மேலிருந்து வரும் வெளிச்சம் தவறா?"

"பாரிஸில் அது சரி. அங்கே வீடுகளின் ஜன்னல்கள் உயரமானவை. அங்கே தாய்மார்கள் பிள்ளைகளை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறார்கள்."

"அப்படியானால் கீழிருந்து வரும் வெளிச்சத்தில் தீட்டட்டுமா?"

"கண்காட்சிச் சுவரில் மாட்டினால் அது பேய் முகமாகத் தெரியும். நானே அதை நிராகரிப்பேன்."

"அப்படியானால் என்னதான் செய்வது?"

"தெரியவில்லை என்றேனே."

"நீங்கள் ஆசிரியர்."

"ஆமாம். அதுவும் இப்போது குழப்பமாகத்தான் இருக்கிறது."

ஓக்குமா உரக்க மூச்சுவிட்டான். தெரியவில்லை என்று சொல்லும் ஆசிரியரிடம் என்ன கற்பது என்று அவன் பிறகு மற்றவர்களிடம் கேட்டான். அந்த மாதமே வேறு கூடத்துக்குப் போய்விட்டான். அங்கே நிழல் இன்னமும் பழுப்பாகவே இருந்ததாகக் கேள்வி.

கினுவுக்குப் போக வேறு கூடம் இல்லை. வீட்டுக்கே திரும்பினாள். குளிர்காலம் முழுவதும் தீட்டிய முகத்தைக் கத்தியால் சுரண்டினாள். ஓவியத் தாங்கியைப் பீட அறையின் நடுவில் நிறுத்தினாள்.

"நீங்கள் அங்கே உட்காருங்கள், அத்தை."

"நானா? எதற்கு?"

"அவர் உட்கார்ந்த இடத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று நான் பார்க்க வேண்டும். மூக்கு உங்களுக்கும் அவருக்கும் ஒன்றுதான்."

"என் மூக்கு அவ்வளவு பெரிதில்லை," என்று சொல்லிக்கொண்டே ஹிசா போய் உட்கார்ந்தார்.

நாள்தோறும் நடுப்பகலில் அவர் அங்கே உட்கார்ந்தார். அசையாமல் இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரியின் சமையலைப் பழித்தார். மகனுக்கு அம்மை போட்டபோது தான் பட்ட பாட்டைச் சொன்னார். "அவன் சிரிக்கும்போது முதலில் கன்னம் அசையும், பிறகுதான் வாய்," என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தும் கினு அதைக் கவனித்ததில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் தூரிகையை எடுத்தாள்.

தான் செய்வது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. கற்ற விதிகளின்படி ஒவ்வொரு கோடும் தவறு. இருட்டாக இருக்க வேண்டிய இடங்கள் வெளுத்தன; வெளுக்க வேண்டிய நெற்றி மங்கியது. சில மாலைகளில் அது முகமாகத் தெரிந்தது. சில மாலைகளில் மேடையில் விளக்குகளுக்கு மேல் குனிந்து நிற்கும் நடிகனாகத் தெரிந்தது. ஒருமுறை எல்லாவற்றையும் மீண்டும் சுரண்டிவிடக் கத்தியைக் கையில் எடுத்தாள். எந்த முகத்துக்குத் திரும்புவது என்று தெரியாததால் கத்தியை வைத்துவிட்டாள்.

ஓபோன் தொடங்கும் நாள் வந்தது. வாசலில் விளக்கு ஏற்றுவதற்கு முன், கினு படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு விலகி நின்றாள். பரணில் போடுவதற்குத் தூரிகைகளையும் கட்டி வைத்திருந்தாள்.

ஹிசா வந்து மண்டியிட்டார். பார்த்தார். முன்போல மருமகளைக் கூப்பிடவில்லை.

"இவ்வளவு நேரமா?" என்றார்.

கினு தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தாள். ஹிசா அவள் பக்கம் திரும்பவில்லை என்பதைக் கண்டு மூடிக்கொண்டாள்.

"செய்தித்தாள் வந்து கிடக்கிறது," என்றார் ஹிசா படத்திடம். "யார் வாசிப்பார்கள் என்று நினைத்தாய்?"

வெளிச்சம் முற்றத்திலிருந்து போகும்வரை ஹிசா அங்கேயே அமர்ந்திருந்தார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, கடுகடுப்பான குரலில் சொன்னார்: "இடது காது சரியில்லை."

"எப்படி இருக்க வேண்டும், அத்தை?"

"எனக்கு எப்படித் தெரியும்? கற்கிறவள் நீ. போய் அந்த ஆளிடம் கேள். அப்படியே என் செருப்பையும் வாங்கி வா."

கினு தூரிகைக் கட்டை அவிழ்த்தாள்.

ஓபோன் முடிந்து, கோடையும் முடியும் வேளையில், ஒருநாள் அவள் ஓவியக்கூடத்தில் தொகாஷியுடன் தனியாக இருந்தாள். மாணவர்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். தொகாஷி தேர்வுக்குழுவிலிருந்தும் விலகியிருந்தார். இப்போதெல்லாம் காலையில் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், அவர்கள் வழக்கமாக அமரும் இடத்தில் அமரச்சொல்லித் தீட்டினார். அந்தப் படங்கள் நன்றாக வரவில்லை. அவரே அப்படிச் சொன்னார்.

"காதைத் திருத்தினேன், ஆசிரியரே," என்றாள் கினு. "புருவம் தடிமன் என்றார் அத்தை. புருவத்தைத் திருத்தினேன். உதடு வறண்டிருக்கிறது என்றார். நேற்று மறுபடியும் காதுக்கு வந்துவிட்டார். அவருக்குப் படம் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே எனக்கு விளங்கவில்லை."

"அதன் முன்னால் உட்காருகிறாரா?"

"காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. குறை சொல்லிக்கொண்டே இருக்கிறார். இது எப்போதுதான் முடியும்?"

தொகாஷி தூரிகையை எண்ணெயில் நனைத்துத் துணியில் துடைத்தார். மீண்டும் நனைத்தார்.

"முதல் முறை பாரிஸிலிருந்து வந்ததும் என் தந்தையின் முகத்தைத் தீட்டினேன். அவருடைய அறையிலேயே மாட்டினேன்."

"அவர் என்ன குறை சொன்னார்?"

"ஒரு குறையும் சொல்லவில்லை. மிக நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கே படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார்."